மகிழடிச் சத்தியமும் தில்லைக் குளமும்

வடசென்னையில் மணலிப் பக்கத்து வீடுகளில் கணவன் மனைவிச் சண்டை முற்றினால் அது கடைசியில் சத்தியத்தில்தான் வந்து நிற்கும். "பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லு, இனிமே குடிக்க மாட்டேன்னு." சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். சத்தியம் வாங்கியதும் பேச்சு முடிந்துவிடும். அவன் எதற்குப் பயந்து குடித்தான், அவள் எதை மனசில் அடக்கிக்கொண்டு சமைத்தாள் என்பதெல்லாம் கேட்க ஆளில்லாமல் கிடக்கும். சத்தியம் இரண்டு பேரை நெருக்கமாக்குமா? இந்தக் கேள்வியோடு, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் எழுதிய இரண்டு தம்பதிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

முதல் கதை நம் பக்கத்து ஊருடையது. செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கும் ஞாயிறு கிராமத்தில் பிறந்தவர் சங்கிலியார். கல்யாணப் பேச்சை எடுத்தாலே மயங்கி விழுந்த பெண். பெற்றோர் அவரைத் திருவொற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் குடிவைத்தார்கள், இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். திருவாரூரில் ஏற்கெனவே பரவையாரை மணந்திருந்த, தேவாரம் பாடிய சுந்தரர் அங்கே வந்து அவரைப் பார்த்தார், மனம் பறிகொடுத்தார், நேரே இறைவனிடம் போய்க் கேட்டார். இறைவன் சங்கிலியார் கனவில் வந்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் தன் பயத்தை மறைக்கவில்லை: சுந்தரர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்கிறவராயிற்றே! உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து தருவார் என்றார் இறைவன்.

சுந்தரருக்கோ தலம் தலமாகப் போய்ப் பாட வேண்டும். ஓரிடத்தில் கட்டுப்பட்டுக் கிடக்க அவரால் முடியாது. ஆகவே இறைவனிடம் ஒரு ரகசிய ஏற்பாடு கேட்டார். நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் வெளியே மகிழமரத்தில் போய் இருந்துகொள்ளும் என்றார். இறைவன் சம்மதித்துவிட்டு, சங்கிலியாரிடம் போய், மகிழின் கீழேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். மறுநாள் தோழிகள், சன்னிதி வேண்டாம், மகிழடி போதும் என்றார்கள். சுந்தரர் திகைத்தார், வேறு வழியின்றி மகிழடியில் சத்தியம் செய்தார்.

இந்தக் கதையில் இறைவன் பேசுகிறார், தோழிகள் பேசுகிறார்கள். ஆனால் மணக்கப்போகும் இருவரும் மனத்தில் உள்ளதை ஒருவரிடம் ஒருவர் சொல்லவே இல்லை. அவள் பயம் கடவுளிடம் போயிற்று; அவன் தவிப்பும் அவரிடமே போயிற்று. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: சுந்தரர் மறைத்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போகாமல் என்னால் இருக்க முடியாது என்று, இறைவனுக்கே வாழ்ந்த அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பிறகு வசந்தம் வந்தது, ஆரூர் விழாவும் பரவையார் நினைவும் வந்தன, சுந்தரர் சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் இருண்டன. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பின. ஆரூரில் பரவையார் ஊடினார். அங்கும் சுந்தரர் தாமே போய்ப் பேசவில்லை. இறைவன்தான் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தார்.

இரண்டாவது கதை தில்லை எனும் சிதம்பரத்துடையது. அங்கே இருந்த திருநீலகண்டர் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்தவர். அவர் ஒரு பரத்தையிடம் போய்வந்தார். மனைவி முகத்துக்கு நேரே, எம்மைத் தொடக்கூடாது என்று சிவனின் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். சங்கிலியாருக்குச் செய்யப்பட்ட சத்தியத்தைவிட இது உண்மையானது. வலித்த இடத்தை மறைக்காமல் சொன்னது. ஆனால் அதன்பின் முதுமைவரை ஒரே வீட்டில் தொடாமல் வாழ்ந்தார்கள். வீட்டு வேலை ஒழுங்காக நடந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. சேக்கிழார் அந்த உறுதியைப் போற்றுகிறார். எனக்கு அந்த வீட்டின் மௌனம் தாங்கவில்லை.

ஒரு சிவயோகி வந்து ஓடு ஒன்றை அடைக்கலம் கொடுத்தார். அதைத் தாமே மறையச் செய்துவிட்டு, திருடினாய் என்று வழக்காடினார். மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். திருப்புலீச்சரத்துக் குளத்தில் இருவரும் மூங்கில் கோலின் இரு முனைகளைப் பிடித்து நின்றார்கள். கையைப் பிடிக்காதது ஏன் என்று யோகி விடாமல் கேட்க, பழைய கதை முழுவதையும் திருநீலகண்டர் எல்லோரும் கேட்கச் சொன்னார். மூழ்கி எழுந்தபோது முதுமை போய் இருவரும் இளமையோடு நின்றார்கள்.

சொல்லியிருக்கக்கூடியதை ஒருவர் மறைத்தார். சொல்லவே கூசுவதை மற்றவர் சொன்னார். என் மதிப்பில் குயவரே உயர்ந்து நிற்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லை ஊர் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்குள் அவர் மனைவி கேட்டிருக்க வேண்டும்.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஷிப்ட் வேலை பல குடும்பங்களின் நாளை வகுத்துவிட்டது. அவன் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். ரேஷன், ஸ்கூல் பீஸ், கேஸ் புக்கிங் இவைதான் பேச்சு. தில்லை வீட்டைப் போல எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. அப்படியானால் பேச்சை எப்படித் தொடங்குவது? ஆர்தர் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை ஜோடியாக உட்காரவைத்து 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்லச் செய்தார். கேள்விகள் லேசாகத் தொடங்கி ஆழமாகப் போகும். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் நெருக்கம் கூடியது. மொத்தமாகக் கொட்ட வேண்டியதில்லை. சின்னதில் தொடங்கலாம், இருவரும் சொல்ல வேண்டும்.

அடி விழும் வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே மனம் திறப்பதற்கு முன்னால் பாதுகாப்பு வேண்டும். பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவில், சுந்தரரின் சத்தியத்தை நினைவுகூரும் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. அதைப் பார்க்கப் போகும் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருவரிடமிருந்து ஒருவர் சத்தியம் வாங்காதீர்கள், இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த சின்ன விஷயம் ஒன்றைத் திரும்பி வரும் வழியில் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.