சாமளாபுரம் அறையும் ராத்திரி விவாதமும்

இன்னைக்கு கதையை சாமளாபுரத்துல ஆரம்பிக்கலாம். சோமனூர் பக்கம் இருக்கிற விசைத்தறி ஊர். 2017 ஏப்ரல் 11 அன்னைக்கு, டாஸ்மாக் கடை வேண்டாம்னு பெண்கள் ரோட்டுல உக்காந்தாங்க. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால மூடின நெடுஞ்சாலைக் கடைகளெல்லாம் ஊருக்குள்ள இடம் தேடிட்டு இருந்த நேரம். தடியடி நடந்தது. ஒரு ஏ.டி.எஸ்.பி. ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சில நொடி வீடியோ எல்லா சேனலிலும் ஓடி, ராத்திரி விவாதத்துக்கும் தலைப்பானது.

பத்து வருஷம் முன்னாடி நடந்திருந்தா, நீங்க எந்தக் கட்சி சேனல் பார்க்கிறீங்களோ அதைப் பொறுத்துதான் அந்த அறையே தெரிஞ்சிருக்கும். 1993-ல சன், 1999-ல ஜெயா, 2007-ல கலைஞர் டிவி. எதிர்க்கட்சிக்காரருக்கு அங்கே என்ன வேலை? 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்தது, அடுத்த வருஷம் தந்தி டிவி. ‘நேர்பட பேசு’, ‘ஆயுத எழுத்து’ மாதிரி நிகழ்ச்சிகள்ல எதிரெதிர் கட்சிக்காரங்க ஒரே மேசையில உக்காந்தாங்க. ஆளுங்கட்சிக்காரர் பதில் தெரியாம தண்ணி குடிக்கிறதை வீட்டுல உக்காந்து பார்த்தோம். சின்ன விஷயம் இல்லைங்க அது.

உச்சம்னா 2016 செப்டம்பர்ல இருந்து சில மாசம்: அப்போலோவில் ஜெயலலிதா, மெரினாவில் ஓபிஎஸ் தியானம், கூவத்தூர் ரிசார்ட். சீரியலை விட்டுட்டு விவாதம் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும்.

சரிவுக்குக் கூச்சல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது பாதிக் காரணம்தான். நிருபரை ஊர் ஊரா அனுப்புறதைவிட நாலு பேரை ஸ்டுடியோவில் உக்கார வைக்கிறது செலவு கம்மி. அதனால அறை விவாதமாகும், அறைஞ்சவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் தொடர மாட்டாங்க. 2019-ல பொள்ளாச்சி வழக்கு வெடிச்சப்போ கோவை மாவட்ட எஸ்.பி. யாருன்னு பாருங்க. அதே அதிகாரி.

இன்னொரு பாதி, அதிகாரத்தின் கை. கேபிளே அரசாங்கத்தோடது, 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வீடு வீடா வந்துச்சு. 2018 ஜூன்ல, சாமளாபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கோவையில புதிய தலைமுறை நடத்தின வட்டமேசை விவாதத்துல தகராறு. பேசின இயக்குநர் அமீர் மேல மட்டுமில்ல, சேனல் மேலயும் போலீஸ் வழக்கு போட்டது. மேசை போட்டவங்க மேலயே வழக்குன்னா, அடுத்த மேசையை யார் தைரியமா போடுவாங்க?

2021 ஜூலையில், இனி விவாதங்களுக்கு வர மாட்டோம்னு அதிமுக அறிவிச்சது. கட்சி ஆள் வராத இடத்துல ‘ஆதரவாளர்’, ‘அரசியல் விமர்சகர்’னு யாரோ உக்காருவாங்க. அவங்க சொல்ற பதில் கட்சியைக் கட்டுப்படுத்தாது. அப்புறம் எதுக்கு நாம ராத்திரி முழிச்சிருக்கணும்?

இப்போ அதே முகங்கள் ஆளுக்கொரு யூடியூப் சேனல் வெச்சிருக்காங்க. ஒரு மணி நேரம் தனியா பேசுறாங்க. குறுக்கே கேள்வி கேக்க எதிர்ல ஆள் கிடையாது.