தேறாத துணியும் ஞாயிற்றுச் சந்தையும்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கம்பெனிகளுக்கு விடுமுறை. ஆறு நாளும் ஷிப்ட்டுக்கு ஓடியவர்கள் அன்று காலை பதினோரு மணிவாக்கில் பைக்கை எடுக்கிறார்கள். முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, வண்டிக் கொக்கியில் மடித்து மாட்டிய காலிப் பை. எங்கே என்று கேட்டால் “பாண்டிக்கு” என்ற ஒற்றைச் சொல் போதும். புதுச்சேரி மாநிலத்துக்குள்ளேயே, வில்லியனூர் கொம்யூனில்தான் சேதராப்பட்டு இருக்கிறது. இருந்தாலும் இங்குள்ளவர்களுக்குப் ‘பாண்டி’ என்பது ஊசுட்டேரியைத் தாண்டிப் போகவேண்டிய வேறொரு ஊர். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு தெரு உண்டு. காந்தி வீதி.

மற்ற நாட்களில் காந்தி வீதி சாதாரணக் கடைத்தெருதான். ஞாயிறன்று கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிடும். இறங்கிய ஷட்டருக்கு முன்னால் தார்ப்பாயும் கயிற்றுக் கட்டிலும் மடக்கு மேசையும் விரியும். ஊரில் எல்லோரும் இதைச் சண்டே மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். சட்டை, நைட்டி, குழந்தைகள் உடுப்பு, செருப்பு, பெல்ட்டு, குக்கர் காஸ்கெட், ஸ்பானர் செட்டு, பழைய பாடப்புத்தகம், செல்போன் உறை, பூச்செடி என்று அடுத்தடுத்துக் கடைகள். விலை சொல்வதும் குறைப்பதும் கூட்டத்தின் பாதி இரைச்சல். “முந்நூறு சொல்றீங்க, போன வாரம் இருநூறுக்குத்தானே வாங்கினேன்?” “போன வாரம் வேற துணிக்கா, இதைத் தொட்டுப் பாருங்க.” தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தெருவில் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சந்தையை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. கடைக்கும் கடைச் சிப்பந்திக்கும் வார விடுமுறை உண்டு என்ற வழக்கம் புதுச்சேரியில் வேரூன்றியது. 1964-இன் கடைகள் நிறுவனங்கள் சட்டம் அதற்கு எழுத்து வடிவம் தந்தது. கடைக்காரருக்கு ஓய்வு கிடைத்த நாளில் நடைபாதை காலியானது. காலியான இடத்தில் கடை வைக்க முடியாதவர் வந்து உட்கார்ந்தார். வாடகை, முன்பணம், மின்கட்டணம் எதுவும் இல்லாமல் ஒருநாள் வியாபாரம். நகராட்சிக்குச் செலுத்தவேண்டியது அடிக்காசு மட்டுமே.

உள்ளூர்ப் பொருள் வாங்கலாம் என்று வருகிறவருக்கு இந்தத் தெரு ஏமாற்றம் தரும். துணியில் பெரும்பகுதி திருப்பூர், ஈரோட்டிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் சாமான்களின் பிறப்பிடத்தைக் கேட்டுப் பயனில்லை. வியாபாரிகளிலேயே பலர் சென்னையிலிருந்தும் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டை கட்டி வருகிறவர்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய துணி, தையல் கோணியதால் அல்லது சாயம் சற்றே மாறியதால் ஒதுக்கப்பட்டு இங்கே வந்ததாம். சொல்வது எப்போதும் உண்மையாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் கப்பலுக்குத் தேறாத துணி உள்ளூர்த் தோளுக்கு வருவது புதுச்சேரிக்கு மிகப் பழைய கதை.

அந்தக் கதை எவ்வளவு பழையது என்பதற்கு அரிக்கமேடு இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய நாட்டு மெருகுப் பாண்டங்களும் கிடைத்தன. கூடவே செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. மஸ்லின் துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகளாக அவை இருக்கலாம் என்று வீலர் கருதினார். அந்த முடிவைப் பின்வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. மணிகள் செய்த பட்டறைகளைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. மண்ணைக் கிளறினால் உடைந்த மணியும் பாதி துளைத்த மணியும் இன்றும் அகப்படும். முழுமையானவை வெளியே போய்விட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வேலை கணக்குப் புத்தகத்தோடு நடந்தது. பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரிக்கு வந்ததே துணிக்காகத்தான். 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து நிலைபெற்றபின் சுற்றுப்புறத்து நெசவாளரைக் கொண்டுவந்து குடியமர்த்துவதில் கம்பெனி முனைப்பாக இருந்தது. முத்தியால்பேட்டை நெசவாளர் பேட்டையாக வளர்ந்தது. வியாபாரிகள் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி நெசவாளருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நெய்த துணி கிடங்குக்கு வரும். அங்கே மாதிரித் துண்டை வைத்துக்கொண்டு நீளம், அகலம், இழை நெருக்கம் பார்ப்பார்கள். தேறியது ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் ஏறும். தேறாதது வியாபாரியிடமே திரும்பி வரும். அவர் அதை உள்ளூரிலோ வேறு துறைமுகத்திலோ விற்றுத் தன் முதலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் போரும் அரசியலும் இருக்கும் அதே பக்கங்களில் துணிப் பொதியும் முன்பணமும் நிலுவையும் இருக்கின்றன. அவரே வியாபாரி. ‘ஆனந்தப் புரவி’ என்று அவருக்குச் சொந்தமாகக் கப்பலும் இருந்தது. அவர் வாழ்ந்த வீடு இப்போதும் பெரிய மார்க்கெட்டை ஒட்டி, அவர் பெயர் தாங்கிய தெருவில் நிற்கிறது. துணி வியாபாரத்தால் எழுந்த வீட்டுக்கு நடை தூரத்தில் ஒவ்வொரு ஞாயிறும் துணிக்குவியல் ஏறியிறங்குவது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

அடுத்த நூற்றாண்டில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி புதுச்சேரியின் பெயரை ஆப்பிரிக்காவரை கொண்டுபோனது. ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த அந்தத் துணிக்குச் செனகல் ஆற்றங்கரையில் பெரிய மதிப்பு. அங்கே கருவேலம் பிசினை வாங்கப் பணத்துக்குப் பதிலாக இந்த நீலத்துணிச் சுருளே கைமாறியது. போலித் துணி வந்தால் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். வில்லியனூர், பாகூர்க் கிராமங்களில் நெய்தவரும் தோய்த்தவரும் காணாத பாலைவனத்தில் அவர்களுடைய கைவேலை நாணயமாகப் புழங்கியது. உள்ளூரில் புழங்கிய காசோ வேறு. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1920-களில் வெளிவந்த பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகளிலும் இந்தக் கணக்கே அச்சாகியிருக்கிறது.

கைத்தறிக்குப் பிறகு ஆலை வந்தது. சவானா, கப்ளே, ரோடியர் என்று மூன்று மில்கள். சங்கு ஊதினால் ஊரே எழுந்த காலம் அது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. சந்தையின் வரலாற்றில் இந்த நிகழ்ச்சியை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். வேலை நேரத்துக்கு எல்லையும் கையில் கூலியும் ஓய்வு நாளும் இருக்கிற கூட்டம் உருவாகாமல் ஞாயிற்றுச் சந்தை உருவாகியிருக்காது. மில்கள் மூடிவிட்டன. ரோடியர் மில்லான ஏ.எஃப்.டி.யின் கதவு 2020-இல் நிரந்தரமாகச் சாத்தப்பட்டது. மில் தொழிலாளி நடந்த தெருவில் இப்போது சேதராப்பட்டின் தொழிற்சாலை ஊழியர் நடக்கிறார்.

காய்கறிக்கும் மீனுக்கும் அவர் காந்தி வீதியில் நிற்பதில்லை. நேரு வீதிப் பக்கம் திரும்பிப் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைகிறார். அரசுப் பதிவில் அதன் பெயர் குபேர் அங்காடி. எதுவார் குபேர் முதலில் பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்றவர். 1954-இல் கட்சி மாறி நெட்டப்பாக்கத்தில் போட்டி அரசு அமைத்தார். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபிறகு 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். இவ்வளவு திருப்பமும் மார்க்கெட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பொருட்டே அல்ல. அவர்களுக்கு அது பெரிய மார்க்கெட், அவ்வளவுதான். மீன் வரிசை, பூ வரிசை, வாழைத்தார், வெற்றிலை, மளிகை என்று சந்து சந்தாகப் பிரிந்திருக்கும் அதற்குள் புதியவர் வழி தவறுவது நிச்சயம்.

உள்ளூர்ப் பொருள் உண்மையில் தென்படும் இடம் அந்த மார்க்கெட்டின் ஓரம். கட்டடத்துக்குள் கடை கிடைக்காத கிராமத்துப் பெண்கள் வாசலிலும் தெருமுனையிலும் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். முருங்கைக்கீரை, வாழைப்பூ, பனங்கிழங்கு, பருவத்தில் நுங்கு. எடை மெஷின் கிடையாது. கட்டும் கூறும்தான் கணக்கு. கூறு போட்டது போட்டதுதான், பேரம் பேசினால் மேலே ஒரு கைப்பிடி விழும்.

பாண்டிக்கு வேறொரு சந்தைப் பெயரும் இருந்தது. எல்லைப் பெயர் என்று சொல்லலாம். புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலப்பரப்பு அல்ல. நவாபும் நிஜாமும் கொடுத்ததும் ஆங்கிலேயர் பிடித்துத் திருப்பித் தந்ததுமாகத் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-இல் முறிந்ததும் இந்திய அரசு எல்லையெங்கும் சுங்கக் காவல் போட்டது. தமிழ்நாட்டு வானூர் வட்டாரத்தை ஒட்டியிருக்கும் சேதராப்பட்டு போன்ற ஊர்களில் அடுத்த வயலே அடுத்த நாடானது. வண்டியும் தலைச்சுமையும் சோதனைக்கு நின்றன. நகரத்திலோ வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது, கடத்தலும் பெருத்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதோடு அந்தக் காவல் முடிந்தது. ‘பாண்டிக்குப் போனால் மலிவாகக் கிடைக்கும்’ என்ற நம்பிக்கை முடியவில்லை. இன்று அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிப்பது முக்கியமாகச் சாராயக் கடைகள்தான் என்பது வேறு விஷயம்.

கிராமம் கிராமத்துக்கே விற்கும் சந்தையைப் பார்க்க வேண்டுமானால் நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகவேண்டும். விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு. முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் உள்ள ஊர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே வாரச்சந்தை கூடுகிறது. மாட்டுச் சந்தைதான் அதன் அடையாளம். பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் சுழி பார்ப்பதும் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் விடியுமுன்பே தொடங்கிவிடும். மூக்கணாங்கயிறு, சலங்கை, கருவாடு, அரிவாள், மண்வெட்டி, விதை எல்லாம் அதே மைதானத்தில் கிடைக்கும். பொங்கலுக்கு முந்தின செவ்வாய் மிகப் பெரியது. தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இரண்டு பக்கத்து உழவரும் வருகிறார்கள். சண்டே மார்க்கெட் மாதச் சம்பளத்துக்கேற்ப ஏறி இறங்கும். மதகடிப்பட்டு அறுவடைக்கும் மழைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். டிராக்டர் வந்தபிறகு உழவு மாடு குறைந்து கறவை மாட்டுப் பேச்சு கூடியிருக்கிறது.

வில்லியனூரின் சரக்கு மண். சங்கராபரணி ஆற்றையும் ஏரிகளையும் நம்பிய குயவர் குடும்பங்கள் பானை, சட்டி, அகல், ஐயனார் குதிரை என்று வனைந்து வந்தார்கள். அலுமினியமும் எவர்சில்வரும் பானையை அடுப்படியிலிருந்து துரத்தியபின் பலர் சுடுமண் சிற்பத்துக்கு மாறினார்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வில்லியனூர்ப் பகுதியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்தச் சிற்பங்கள் ஞாயிற்றுத் தெருவில் தென்படுவது அபூர்வம். அவற்றைக் கடற்கரைப் பக்கத்துக் கைவினைக் கடைகளில் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். தேறியது வெளியே போகும் பழைய ஏற்பாடு மண்ணிலும் தொடர்கிறது. கார்த்திகை அகலும் பொங்கல் பானையும் நவராத்திரிக் கொலுப் பொம்மையும் மட்டும் ஊர்க்காரர் கைக்கே வருகின்றன. அந்தச் சில வாரங்கள் வில்லியனூர்ச் சூளைகளுக்கு ஓய்வில்லை.

சண்டே மார்க்கெட்டைக் காந்தி வீதியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சு போக்குவரத்து நெரிசலைச் சொல்லி அவ்வப்போது எழும். 2020 கொரோனா ஊரடங்கு அதை மாதக்கணக்கில் நிறுத்திப் பார்த்தது. தடை தளர்ந்ததும் தார்ப்பாய்கள் அதே ஷட்டர்களின் முன்னால் விரிந்தன. பெரிய மார்க்கெட்டையும் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துக் கட்ட முயற்சி நடந்தது. கட்டிமுடிக்கும்வரை எங்கே போவது, முடிந்தபின் பழைய இடம் கிடைக்குமா என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. வாரத்தில் ஒரே நாள், அதுவும் வெளியூரிலிருந்து வந்து கடை போடுகிறவரை அந்தக் கணக்கில் எந்த ஊர்க்காரராக எழுதுவது என்பது நகராட்சியின் சிக்கல். அவர் அடிக்காசைக் கொடுத்துவிட்டு மூட்டையை அவிழ்க்கிறார்.