ஆரணித் தறியும் விலைப் பதிவின் வரலாறும்

பிட்காயினின் பத்தாண்டு விலையை இன்று ஒரு சிறு நிரலால் சில நொடிகளில் இறக்கிக்கொள்ளலாம். நாணயத்தின் பெயர், தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்; தேதிவாரியாக எண்கள் வந்து விழும். ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக்கான பாவும் ஊடையும் அதே பத்தாண்டில் என்ன விலைக்கு வாங்கப்பட்டன என்று கேட்டால் எந்த நிரலிடமும் பதில் இல்லை. இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எந்த விலை பதிவாக வேண்டும் என்பதைக் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே சந்தை விதிகள் தீர்மானித்துவிட்டன. அந்தத் தீர்மானத்தைத்தான் மென்பொருள் இன்று வரலாறு என்று எடுத்து நீட்டுகிறது.

பட்டில் ஒழுங்காகப் பதிவான விலை பட்டுக்கூட்டின் விலை. அது தானாக நேர்ந்ததல்ல. இன்றைய கர்நாடகமான மைசூர் மாநிலம் 1959இல் கொண்டுவந்த சட்டம் பட்டுக்கூடு விற்பனையை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வழிசெய்தது. 1979இல் கர்நாடகப் பட்டு விற்பனை வாரியம் தோன்றியது. விவசாயியும் நூற்பாளரும் ஏலக் கூடத்தில் சந்தித்தாக வேண்டும் என்று ஆனபின், விலை இருவருக்கிடையே முணுமுணுக்கும் பேச்சாக இல்லாமல் எழுத்தானது. ராமநகரம் இந்தப் பதிவின் பெருங்களம். நம் பக்கம் தருமபுரி அங்காடி. அன்றாட ஏல அறிக்கையைப் பார்த்தால் வந்த கூட்டின் எடை, அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, சராசரி ஆகியவை இருக்கும். இந்தச் சராசரிதான் மத்திய பட்டு வாரியத்தின் வழியாக இணையத்துக்கும் அங்கிருந்து ஆய்வாளரின் அட்டவணைக்கும் போய்ச் சேர்கிறது. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே இருந்த தரவேறுபாடு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

கூட்டின் விலை தெரிந்தால் ஆரணி நெசவின் செலவைக் கணக்கிட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஏறத்தாழ ஏழு கிலோ கூட்டில் ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும்; பெருக்கிப் பார்த்தால் முடிந்தது. காகிதத்தில் இது சரி. ஆனால் கச்சாப் பட்டை முறுக்கேற்றி, பசை நீக்கி, சாயமிட்டுத் தறிக்குக் கொண்டுவருவதற்குள் எடையில் கால் பங்கு போய்விடுகிறது. சரிகையின் விலையோ தங்கம் வெள்ளிச் சந்தையைப் பின்தொடர்வது. இறக்குமதித் தீர்வை இன்னொரு கணக்கு: கச்சாப் பட்டின் மீதான அடிப்படைச் சுங்கம் 2011இல் 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது, இடையே மாறி, 2021இல் 10லிருந்து 15 ஆக உயர்ந்தது. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்பது நூல் வியாபாரத்தில் புதிதல்ல; கடன் விலைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி எந்த ஏல அறிக்கையிலும் வராது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி கூலி. ஆரணியிலும் சேவூரிலும் தேவிகாபுரத்திலும் தறியில் உட்காரும் பலர் நூல் வாங்குபவர்கள் அல்லர். முதலாளியோ சங்கமோ கொடுக்கும் பாவை நெய்து சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்த விலை எந்த ஏலத்துக்கும் வரவில்லை. ஆகவே எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை.

பட்டு பழைய தொழில், கிரிப்டோவில் ஒவ்வொரு பரிமாற்றமும் பதிவாவதால் அங்கே இந்தக் குறை வராது என்பது அடுத்த ஆட்சேபம். உண்மை நேர்மாறு. 2009 அக்டோபர் 5 அன்று நியூ லிபர்ட்டி ஸ்டாண்டர்ட் என்ற தளம் வெளியிட்ட முதல் மாற்றுவிகிதம், ஒரு டாலருக்கு 1,309.03 பிட்காயின், சந்தையில் பிறந்ததே அல்ல. மின்கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு. 2011 ஜூனில் மவுண்ட் காக்ஸ் சந்தையில் விலை ஒரு சென்ட் வரை விழுந்தது. அந்தப் பரிமாற்றங்களை நிறுவனமே பிறகு ரத்துசெய்தது. அவை வரலாற்றில் இருக்க வேண்டுமா, கூடாதா? பட்டியலைத் தொகுப்பவர் முடிவுசெய்ய வேண்டியதுதான். 2018 ஜனவரி 8 அன்று காயின்மார்க்கெட்கேப் தளம் சில கொரியச் சந்தைகளைத் தன் சராசரியிலிருந்து நீக்கியது. கொரியாவில் விலை கூடுதலாக இருந்ததால் தளத்தில் காட்டிய விலைகள் சரிந்தன. வாங்கியவர் விற்றவர் யாருடைய முடிவும் அதற்குக் காரணமல்ல. எல்லாம் பதிவாகும் இடத்திலேயே சராசரி இப்படி ஆட்டிவைக்கிறது என்றால், ஏலக்கூடத்துக்கு வெளியே நடக்கும் நெசவுப் பொருளாதாரத்தைச் சொல்லவே வேண்டாம்.

விலைத் தரவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. ராமநகரத்தின் அன்றாட ஏல விலை இல்லாமல் தென்னிந்தியப் பட்டின் வரலாற்றை எழுதவே முடியாது. ஆனால் அதை இறக்கும்போது சந்தையின் பெயரும் கூட்டின் ரகமும் எண்ணோடு சேர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் அது ஆரணியைப் பற்றி எதையும் நிறுவாது. ஆரணி வட்டாரக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் தங்களிடம் மிஞ்சியிருக்கும் பழைய கூலிப் பதிவேடுகளைக் கரையானுக்கு விடாமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அட்டவணையாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். கைத்தறித் துறை இதற்கு உத்தரவிட்டாலே போதும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.