சொல்லும் முள்ளும்

1996 நவம்பர் 12, மாலை. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபியாவின் போயிங் 747 மேலேறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானின் இல்யூஷின் 76 டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னதற்கு 14,000 அடி, பின்னதற்கு 15,000 அடி எனக் கட்டுப்பாட்டு அறை வரையறுத்திருந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் வானிலேயே மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கஜக விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது நீதிபதி லகோட்டி ஆணையம். அவ்விமானக் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடே இதற்குப் பின்னணியாகப் பெரிதும் பேசப்படுகிறது. மொழியியல் பயின்ற எனக்கோ அந்த விமானி அறையின் அமைப்புதான் உறுத்துகிறது. கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் வானொலித் தொடர்பாளர். அவர்முன் தனியாக உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். உயரமானியின் எதிரில் அமர்ந்திருந்த விமானிகளோ உரையாடலுக்கு அவரையே நம்பியிருந்தனர். 15,000 அடி என்று சொல் உறுதி கூறியது; முள் வேறொன்றைக் காட்டியது.

இதே பிளவை வணிக வரலாற்றிலும் காணலாம். 1762இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்ப் பிரிவில், வணிகம் செய்தவரும் அவ்வணிகத்தின் கணக்கை முடித்தவர்களுக்குத் தலைவரும் நிக் லீசன் என்ற ஒருவரே. லண்டனை எட்டிய அறிக்கைகளில் லாபம். மறைத்து வைத்த ஒரு கணக்கில் நட்டம். இரு பொறுப்புகளும் ஒருவரிடம் இருப்பதை 1994இல் உள்தணிக்கை சுட்டிக்காட்டியும் அவை பிரிக்கப்படவில்லை. 1995 பிப்ரவரியில் 80 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நட்டத்தோடு வங்கி வீழ்ந்தது. ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. லண்டன் சொல்லைக் கேட்டது, முள்ளைப் பார்க்கவில்லை.

சர்க்கி தாத்ரிக்குப் பின் விமானத் துறை, தவறியவரைச் சுட்டுவதோடு நிற்கவில்லை. டெல்லியில் வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. விமானத்தின் உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. பன்னாட்டுச் சேவையில் உள்ள விமானிகளின் ஆங்கிலத் திறனுக்கு 2008 முதல் உலகளாவிய அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் சொல் பிழைத்தாலும் உயிர் பிழைக்க வேண்டும் என்பதே இவை அனைத்தின் உட்பொருள்.

விமானத் துறையிடமிருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் கடன் வாங்குவது சரிபார்ப்புப் பட்டியலை. அது நல்லதே. ஆயினும் பட்டியலில் குறியிடுவதும் ஒரு சொல்தான். இடர் மேலாண்மை அதற்கு முன்பே இரண்டு வினாக்களில் தொடங்குகிறது: இந்த எண்ணைச் சொல்பவர் முள்ளைத் தாமே பார்த்தாரா? அவரைச் சாராத இன்னொரு கண்ணும் அதைப் பார்த்ததா?

இரண்டுக்கும் விடை இல்லையென்றால், கையொப்பமிட்ட அறிக்கையும் வானில் ஒலித்த அந்த ‘15,000 அடி’ போன்றதே.