மழையில் நனைந்த மக்காச்சோளம்

1974 அக்டோபர். ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மக்காச்சோளம் அறுவடைக்கு நின்ற நேரம் பார்த்துப் பருவம் தப்பிய மழை கொட்டியது. கதிர் காய வழியில்லை. ஈரத்தோடே வீட்டுக்குள் சேர்த்தார்கள். மணிகளில் பூசணம் படர்ந்தது.

அங்குள்ள பழங்குடியினருக்கு மக்காச்சோளம்தான் அன்றாடச் சாப்பாடு. அதையே மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். ‘பூசணம் பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள்’ என்பது, வீட்டில் இன்னொரு மூட்டை இருப்பவருக்குச் சொல்லக்கூடிய யோசனை.

காமாலை வந்தது. வயிறு நீர்கோத்து வீங்கியது. 150க்கும் மேற்பட்ட கிராமங்களில் 397 பேர் படுத்தார்கள். 106 பேர் இறந்தார்கள். தொற்றுக் காமாலை என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த வீட்டு நாய்களுக்கும் அதேபோல வயிறு வீங்கியது. ஆளும் நாயும் தின்றது ஒரே ரொட்டி.

துப்புத் துலக்கியது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். (நம் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வுக்காகத் தொடங்கிய கூடம்தான் வளர்ந்து, 1958இல் அங்கே குடிபெயர்ந்தது.) நோய் கண்ட வீடுகளின் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு இருந்தது. இன்று இந்தியாவில் தானியத்துக்கு உள்ள வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்; ஆக, உச்ச அளவு ஆயிரம் மடங்குக்கு மேல். அந்த நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் சக ஆய்வாளர்களும் 1975இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை எழுதினார்கள்.

இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான். 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. பழி பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்’ என்ற பூசணத்தின் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். அடுப்புச் சூட்டில் பூசணம் சாகும். அது கக்கிவைத்த நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரொட்டியை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் பான்ஸ்வாராவில் பலன் இருந்திருக்காது.

வான்கோழி செத்ததும் பணக்கார நாடுகள் தீவனத்தைச் சோதிக்கத் தொடங்கின. குடிசைக்குள் இருக்கும் தானியத்தை யார் சோதிப்பது?

பான்ஸ்வாராவுக்கு முப்பது ஆண்டு கழித்து, 2004இல், கென்யாவின் கிழக்குப் பகுதியில் அதே கதை. 317 பேருக்கு நோய், 125 சாவு. நோய் கண்டவர்களில் பலர் ஈர மக்காச்சோளத்தைத் தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.