நினைவும் தீர்ப்பும்: கிரிஸ்பர் அமைப்பில் தன்னது, அயலது எனப் பிரியும் இடம்

1987-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் இஷினோவும் குழுவினரும் எஷெரிச்சியா கோலையின் டி.என்.ஏ.வில் 29 எழுத்து நீளமுள்ள வரிசை ஒன்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். பின்னர் கிரிஸ்பர் எனப் பெயர்பெற்ற அதன் பயன் அப்போது விளங்கவில்லை. அந்த இடைவெளிகளில் இருக்கும் துண்டுகள் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களின் மரபுத்தொடரோடு பொருந்துவதை 2005-இல் ஸ்பெயினின் மொஹிகா உள்ளிட்டோர் காட்டினர். தயிரை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில் புதிய துண்டு சேர்ந்தவுடன் அந்த வைரஸை எதிர்க்கும் ஆற்றலும் சேர்கிறது என்று 2007-இல் பராங்கூவும் ஹார்வத்தும் மெய்ப்பித்தனர். இவ்வரலாறு பெரும்பாலும் நினைவின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. பகையின் எழுத்தைத் தன் டி.என்.ஏ.விலேயே பொறித்து வைத்திருக்கும் செல், அந்தப் பொறிப்பையே பகையென்று வெட்டி மடியாமல் இருப்பது எப்படி? நினைவு தங்கும் இடமும் தீர்ப்பு நிகழும் இடமும் வேறுவேறு என்பதே விடை. இந்தப் பிரிவினையே இவ்வமைப்பின் உயிர்நாடி என்பது என் வாதம்.

பகையின் டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 1,368 அமினோ அமிலங்களாலான இப்புரதம் ஏந்திவரும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் இலக்கின் 20 எழுத்துகள் உள்ளன. ஆனால் அது முதலில் தேடுவது அந்த 20 எழுத்துகளை அல்ல. இலக்கை ஒட்டி நிற்கும் இரண்டு குவானின்களை. பி.ஏ.எம். எனப்படும் இக்குறியைப் படிப்பது ஆர்.என்.ஏ. அல்ல, புரதம். 1333, 1335 ஆகிய இடங்களில் உள்ள இரு ஆர்ஜினின்கள் ஆளுக்கொரு குவானினை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுவதை 2014-இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. பற்றிய பிறகே அருகிலுள்ள டி.என்.ஏ. இழைகள் பிரிகின்றன, அங்கிருந்துதான் வழிகாட்டி எழுத்தெழுத்தாக ஒப்பிடத் தொடங்குகிறது. செல்லின் சொந்தச் சேமிப்பிலோ துண்டை ஒட்டி நிற்பது மீள்வரிசை. அங்கே அந்தக் குறி இல்லை. ஆகவே 20 எழுத்தும் பிசகாமல் பொருந்தினாலும் வெட்டு விழுவதில்லை.

துண்டுகள் குருட்டாம்போக்கில் சேர்கின்றன, தன் டி.என்.ஏ.வையே எடுத்த செல்கள் மடிகின்றன, மிஞ்சியவற்றைப் பார்த்து நாம் தீர்ப்பு என்கிறோம் என்று மறுப்பவர்கள் உண்டு. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது: தெர்மோஃபிலஸில் காஸ்9-இன் வெட்டும் திறனை மட்டும் நீக்கியபோது, சேர்ந்த துண்டுகள் பெரும்பாலும் அதன் சொந்த மரபுத்தொடரிலிருந்தே வந்தன. ஆனால் இது துண்டு யாருடைய டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றியது; குறியைப் பற்றியதன்று. கோலையில் நான்கு காஸ்1, இரண்டு காஸ்2 புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பு துண்டை 33 எழுத்துக்கு அளந்து எடுக்கும்போதே காஸ்1-இன் குழிவொன்று பி.ஏ.எம். குறியைச் சோதிக்கிறது. அக்குறி முழுமையாகச் சேமிப்புக்குள் போவதுமில்லை. எடுக்கும்போது பார்த்து, வைக்கும்போது கழிப்பது குருட்டாம்போக்கின் வேலையல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு மூன்றாம் வகை கிரிஸ்பர் அமைப்புகளிலிருந்து வருகிறது. அவற்றுக்கு இத்தகைய பி.ஏ.எம். தேவையில்லை. ஆயினும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸில் மராஃபினியும் சோன்டைமரும் 2010-இல் கண்டது என்ன? வழிகாட்டியின் முனையில் மீள்வரிசையின் எட்டு எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. அவையும் எதிரிலுள்ள டி.என்.ஏ.வோடு இணைந்துவிட்டால் அது தன்னது, தாக்குதல் இல்லை. ஒன்றில் குறி இருந்தால் வெட்டு, மற்றதில் வால் பொருந்தினால் விலக்கு. முறை தலைகீழானது, தீர்ப்பு நினைவுத் துண்டுக்கு வெளியே இருப்பது மட்டும் மாறவில்லை. ஆகவே என் வாதத்தை பி.ஏ.எம். என்ற ஒரே குறியோடு கட்டிப்போடாமல், துண்டின் எல்லைக்கு அப்பாலுள்ள அண்டை எழுத்துகள் என்று விரித்துச் சொல்வதே சரி.

வைரஸ்களின் எதிர்நடவடிக்கையும் இதற்குச் சான்று. பி.ஏ.எம்.-இல் ஓர் எழுத்தை மாற்றியே தப்பும் ஃபேஜ்கள் தெர்மோஃபிலஸில் கிடைத்துள்ளன. லிஸ்டீரியாவின் மரபுத்தொடரில் உறங்கும் ஃபேஜ்களிலிருந்து கிடைத்த ஏசிஆர்-IIஏ4 என்ற சிறு புரதம் காஸ்9-இன் நினைவைத் தொடுவதே இல்லை, டி.என்.ஏ.வைப்போல் வேடமிட்டு, குவானின்கள் வந்து அமர வேண்டிய அதே குழிவில் தான் அமர்ந்துகொள்கிறது.