கையில் தேய்க்கும் ஸ்பிரிட் ரத்தத்துக்குள் போகுமா?

சானிடைசர் வரலாறு என்றாலே 1847, வியன்னா, செமல்வைஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் மருத்துவர்களைக் கைகழுவச் சொன்னது குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில். ஆல்கஹால் கிடையாது. அதனால் அவரை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் தேடிப் போனது அண்ணன் மகள் கேட்ட கேள்வியால். கீழ்பென்னாத்தூர் பக்கம் நர்ஸ் வேலை. மாசமாக இருந்த சமயம், "சித்தப்பா, ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை இதைத் தேய்க்கிறேன், உள்ள இருக்கிற புள்ளைக்குப் போயிடாதா?" என்றாள். அவள் மாமியாருக்கு வேறு கவலை: கிரிவலம் போற பொண்ணு கையில் சாராய வாடை!

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1939-ல் அது நம்ம வட ஆற்காட்டுக்கும் வந்தது. 1959-ல் மெத்தனாலுக்கும் வார்னிஷுக்கும் கூடத் தனி விதிகள் போட்ட மாநிலம் இது. ஸ்பிரிட் என்ற சொல்லே இங்கே சந்தேகத்தோடுதான் புழங்கியிருக்கிறது. இஸ்லாமியர்களிடமும் இதே கேள்வி எழுந்தது. 2002-ல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் கவுன்சில், வெளிப்பூச்சாக ஆல்கஹால் கலந்த மருந்தைப் பயன்படுத்தலாம் என்று சொன்னது.

சரி, தோல் வழியாகப் போகுமா? போகும். குழந்தைகள் விஷயத்தில் அது விபரீதமாகவே முடிந்திருக்கிறது. காய்ச்சல் தணிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உடம்பைத் துடைத்து, அதனாலேயே நஞ்சேறியதைப் பற்றி 1953-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. 1982-ல் இங்கிலாந்திலிருந்து ஹார்பினும் ரட்டரும் எழுதியது இன்னும் கொடுமை: ஒரு குறைமாதக் குழந்தையின் தோலைச் சுத்தம் செய்யப் பூசிய ஸ்பிரிட், தோலைக் கருக்கி, ரத்தத்திலும் ஏறியிருந்தது. குறைமாதத் தோல் மெல்லிசு. அதிலும் ஸ்பிரிட் அடியில் தேங்கி நின்றால் ஆவியாக வழியில்லை. உள்ளேதான் போகும்.

பெரியவர்களின் கை அப்படியில்லை. உள்ளங்கைத் தோல் தடிமன், தேய்த்த ஸ்பிரிட் அரை நிமிஷத்தில் காற்றோடு போய்விடுகிறது. ஆனால் "அப்படித்தான் இருக்கும்" என்பது பதில் ஆகாதே. ஜெர்மனியின் க்ரைஃப்ஸ்வால்டில் ஆக்சல் கிராமர் குழு 12 பேரை வைத்து அளந்து 2007-ல் வெளியிட்டது. தடவைக்கு 4 மில்லி, 20 தடவை. பிறகு அறுவை சிகிச்சைக்குத் தயாராவது போலத் தடவைக்கு 20 மில்லி, 10 தடவை, 80 நிமிடத்தில். எந்த நர்ஸும் இப்படித் தேய்க்க மாட்டார். அப்படியும் ரத்தத்தில் கண்ட உச்ச அளவுகளின் நடு மதிப்பு, மூன்று திரவங்களில் அதிகம் ஏறிய ஒன்றில்கூட, லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம்.

நம்ம ஊர்க் கணக்கில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 300. பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. அவளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். சோதனையில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். டாக்டரிடமும் கேட்டுவிட்டு, தேய்ப்பதைத் தொடர்ந்தாள்.

இதெல்லாம் எத்தனாலுக்கு. பாட்டிலுக்குள் மெத்தனால் இருந்தால் கதையே வேறு. அதுவும் தோல் வழியே ஏறும். உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தாக்கும். அது என்ன செய்யும் என்று 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் பார்த்தோம், அங்கே குடித்ததால். 2020 ஜூனில் மெத்தனால் கலந்த போலி சானிடைசர் பற்றி சிபிஐ மாநிலங்களை எச்சரித்தது. அடுத்த மாதம் ஆந்திராவின் குறிச்சேடுவில் சானிடைசர் குடித்தே பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ஆகவே லேபிள் இல்லாத மலிவு பாட்டிலைத்தான் நான் பயப்படுவேன்.

போலீஸ் ஊதச் சொல்வது பற்றியும் கேட்கிறார்கள். செஞ்சி ரோட்டில் வண்டியை நிறுத்தி, சானிடைசர் காயாத கையோடு கருவியைப் பிடித்து ஊதினால், கையிலிருந்து எழும் ஆவியையும் அது மூச்சுக் கணக்கில் சேர்க்க வாய்ப்பு உண்டு. கை காய்ந்தபின் இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று கேளுங்கள்.